பழைய வீட்டு வயரிங்: எதை முதல்ல சரி பண்ணணும், எது காத்திருக்கலாம்

பழைய வீட்டுல வயரிங் பழசா இருக்கறது மட்டும் பிரச்சனை இல்லைங்க. அறுபது எழுபதுகள்ல கட்டின வீடுகள்ல தேக்குப் பட்டை அடிச்சு அது மேல வயரை நேரா ஓட்டி வரிசையா தகர கிளிப் போட்டிருப்பாங்க, இன்னிக்குப் பாத்தாலும் வேலை தெரிஞ்சவர் கை பட்டதுன்னு தெரியும். கெடுத்தது அதுக்கப்புறம் வந்தவங்க. மாடில போர்ஷன் கட்டினப்போ கீழ் வீட்டு போர்டுலேர்ந்தே ஒரு லைன் இழுத்தாங்க, கல்யாணத்துக்கு வாசல்ல டியூப்லைட் போட்டவர் ஃபேஸை (கரண்ட் வர்ற கம்பி) ஒரு ரூம்லேர்ந்தும் நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போற கம்பி) பக்கத்து ரூம்லேர்ந்தும் எடுத்தார், அப்புறம் கீசர், இன்வர்ட்டர், ஏசின்னு வரிசையா வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் "இருக்கற லைன்லயே கொடுத்துடலாம் சார்"னு ஒரே பதில்தான். இப்போ அந்த வீட்டுக்குள்ள இருக்கறது ஒரு வயரிங் இல்ல, ஒண்ணு மேல ஒண்ணா நாலஞ்சு வயரிங், எது எங்க போகுதுன்னு முழுசா தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட கிடையாது.

இந்த நிலைமைல பெரும்பாலானவங்க செய்யறது என்னன்னா, கைல கொஞ்சம் பணம் வந்ததும் சுவிட்சை எல்லாம் மாடுலரா மாத்திடறாங்க. பாக்க புது வீடு மாதிரி இருக்கும், பிளேட்டுக்குப் பின்னாடி அதே வயர், அதே ஜாயின்ட். என்னைக் கேட்டா வரிசை வேற. ஷாக்லேர்ந்து உயிரைக் காப்பாத்தற ஆர்சிசிபியும் (கரண்ட் கசிஞ்சா தானா வெட்டற சுவிட்ச்) எர்த்தும் முதல்ல, அடுத்தது சூடாகி தீ பிடிக்கற இடங்கள், லைட்டும் அழகும் எல்லாத்துக்கும் கடைசி. இந்த வரிசைல போனா மொத்த வீட்டையும் ஒரே மூச்சுல உடைச்சு ரீவயரிங் பண்ண வசதி இல்லாதவங்களும் பாதுகாப்பா இருக்க முடியும்.

உங்க வேலை பாக்கறது, எழுதி வைக்கறது, ஆஃப் பண்றது, கேள்வி கேக்கறது. ஸ்க்ரூ கழட்டற வேலை லைசன்ஸ் உள்ள வயர்மேனோட வேலை. மீட்டருக்கு முன்னாடி இருக்கற எதையும், அதாவது கம்பத்துலேர்ந்து வர்ற சர்வீஸ் வயர், சீல் வச்ச ஃபியூஸ், மீட்டர் இதையெல்லாம் வயர்மேனும் தொடக்கூடாது, அது ஈபிக்காரங்களோடது. அங்க பொறி வந்தாலோ வயர் தொங்கினாலோ மின்னகத்துக்கு, 94987 94987, ஒரு போன் போட்டு கம்ப்ளைன்ட் பதிவு பண்ணிடுங்க.

மெயினை அமத்தினா மட்டும் கரண்ட் போயிடாது

இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அனுபவம் உள்ள எலக்ட்ரீஷியனே இதுல மாட்டிக்கறார். நம்ம ஊர் வீடுகள்ல இன்வர்ட்டர் இல்லாத வீடு குறைவு. மெயினை இறக்கினதும் இன்வர்ட்டர் "கரண்ட் போச்சு"ன்னு நினைச்சு தன் பங்குக்கு 230 வோல்ட் அனுப்ப ஆரம்பிச்சுடும், ஃபேன் லைட் போர்டு எல்லாம் உயிரோடதான் இருக்கும். அதனால மெயின் ஆஃப், இன்வர்ட்டரையும் ஆஃப், முடிஞ்சா அதோட அவுட்புட் ப்ளக்கையும் உருவிடணும்.

அடுத்தது, ஒரே வீட்டுல ரெண்டு சர்வீஸ். குடித்தனம் விட்ட பழைய வீடுகள்ல மாடிக்கு ஒரு மீட்டர், கீழுக்கு ஒரு மீட்டர் இருக்கும், ஆனா மாடிப்படி லைட்டோ மோட்டரோ எந்த மீட்டர்லேர்ந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது. உங்க மெயினை இறக்கிட்டு போர்டைத் திறந்தா அடுத்த வீட்டுக் கரண்ட் அதுக்குள்ள உக்காந்திருக்கும்.

மூணாவது, ரொம்ப பழைய இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச். உள்ள ரெண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கும், ஒண்ணு ஃபேஸுக்கு, இன்னொண்ணு நியூட்ரலுக்கு. அந்தக் காலத்து வழக்கம் அது. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் உருகிப் போச்சுன்னா வீடு முழுக்க லைட் எரியாது, கரண்ட் இல்லைன்னு நினைப்போம், ஆனா எல்லா சுவிட்சுலயும் ஹோல்டர்லயும் ஃபேஸ் அப்படியே நிக்கும். உங்க வீட்டுல இப்படி இருந்தா நியூட்ரல் பக்கம் ஃபியூஸை எடுத்துட்டு லிங்க் (உருகாத நேர் இணைப்பு) போடச் சொல்லுங்க, அதைவிட நல்லது அந்தப் பெட்டியையே எடுத்துட்டு ரெண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கற ஐசோலேட்டர் வைக்கறது.

வீடு என்ன சொல்லுதுன்னு பாருங்க

கெட்ட வயரிங் திடீர்னு ஒருநாள் தீப்பிடிக்காது, நாள்கணக்கா சொல்லிட்டே இருக்கும், நாமதான் பழகிப் போயிடறோம். ஈரக் கையோட குழாயைத் தொட்டா லேசா சுர்ருன்னு இழுக்கறது, கிரைண்டர் மேல கை வச்சா முடி கூச்செறியற மாதிரி இருக்கறது, "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு"ன்னு வீட்டுல வழக்கமாவே ஆயிட்டது, இதெல்லாம் சின்ன விஷயம் இல்ல. எங்கயோ ஃபேஸ் கசியுது, அது போறதுக்கு எர்த் இல்ல, அதனால உங்க உடம்பு வழியா போகுதுன்னு அர்த்தம். செருப்பு போடறது அதுக்குத் தீர்வு இல்ல, அந்த சாமானை அன்னிக்கே ப்ளக்கை உருவி வச்சுட்டு ஆளைக் கூப்பிடணும்.

ப்ளக் பாயிண்ட் ஓட்டையைச் சுத்தி பழுப்பு நிறத்துல கருகல், மீன் வாடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாத்தம், சுவிட்ச் போடும்போது உள்ளேர்ந்து கிர்ருன்னு ஒரு சத்தம், இந்த மூணும் லூஸ் கான்டாக்ட். அந்த பாயிண்டை உடனே நிறுத்துங்க. கீசர் அரை மணி நேரம் ஓடினதும் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு போர்டு பிளேட் மேல புறங்கையை வச்சுப் பாருங்க, லேசான வெதுவெதுப்பு பரவாயில்ல, கையை எடுக்கணும்போல இருந்தா பின்னாடி ஏதோ வெந்துட்டு இருக்கு. இதுல எம்சிபி, அதாவது கரண்ட் அளவுக்கு மேல போனா தானா விழற சுவிட்ச், உதவாது. ஏன்னா லூஸ் கான்டாக்ட்ல கரண்ட் கூடறது இல்ல. ஒரு ஸ்க்ரூ முனைல அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்து அது வழியா 10 ஆம்ப் போச்சுன்னா அந்த ஒரு புள்ளில 50 வாட்ஸ் சூடு, சோல்டரிங் அயர்ன் அளவு சூடு, சுவத்துக்குள்ள. எம்சிபியைப் பொறுத்தவரைக்கும் வெறும் 10 ஆம்ப், எல்லாம் சரி.

சுவிட்சை ஆஃப் பண்ணின அப்புறமும் ராத்திரி எல்இடி பல்பு மங்கலா மினுங்குதா? சுவிட்சுல சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தா அதனால வரலாம், ரெண்டு பக்கம் சுவிட்ச் உள்ள மாடிப்படி லைட்ல நீளமான வயர் பக்கத்துல பக்கத்துல ஓடறதால வரலாம். இது ரெண்டும் இல்லைன்னா சுவிட்ச் நியூட்ரல்ல கொடுத்திருக்காங்களான்னு பாக்கணும், பழைய வீட்டுல இது சர்வ சாதாரணம். ஃபேஸ் நேரா ஹோல்டருக்குப் போயிருக்கும், சுவிட்ச் வெட்டறது நியூட்ரலை. பல்பு அணையும், ஆனா நீங்க ஸ்டூல் மேல ஏறி பல்பு மாத்தும்போது ஹோல்டருக்குள்ள முழு 230 வோல்ட் இருக்கும். வயர்மேன் சுவிட்சை ஆஃப்ல வச்சு ஹோல்டர்ல டெஸ்டர் வச்சா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும், ஒவ்வொரு பாயிண்டா பாக்கச் சொல்லுங்க.

டெஸ்டர் பத்தி இன்னொண்ணு. ப்ளக் பாயிண்ட்ல ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரிஞ்சா "ரெண்டுலயும் கரண்ட் வருது, பவர் ஜாஸ்தி"ன்னு சொல்ற ஆட்களைப் பாத்திருக்கேன். அது நியூட்ரல் அறுந்திருக்குங்கறதோட அடையாளம். எங்கயோ ஆன்ல இருக்கற ஒரு பல்பு வழியா ஃபேஸ் திரும்பி வந்து நியூட்ரல் ஓட்டையில நிக்குது. மூணு ஃபேஸ் உள்ள வீடுன்னா இது இன்னும் மோசம், மெயின் நியூட்ரல் விட்டுப் போச்சுன்னா ஒரு ரூம் லைட் பளீர்னு, இன்னொரு ரூம் மங்கலா எரியும், பளீர்னு எரியற லைன்ல வோல்டேஜ் 400 பக்கம் வரைக்கும் ஏறலாம். யோசிக்காதீங்க, அந்த நிமிஷமே மெயினை இறக்குங்க, இல்லைன்னா டிவி ஃபிரிட்ஜ் எல்லாம் ஒண்ணா போயிடும்.

ஒரு மேப் போடுங்க

வேலைக்கு ஆள் வர்றதுக்கு முன்னாடி நீங்களே செய்யக்கூடிய ரொம்ப உருப்படியான வேலை இது, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல முடிச்சிடலாம். வீட்டோட பிளானைப் பேப்பர்ல தோராயமா வரைஞ்சு ஒவ்வொரு லைட், ஃபேன், ப்ளக் பாயிண்டுக்கும் ஒரு நம்பர் போடுங்க. எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டு, இன்வர்ட்டரை நிறுத்திட்டு, எம்சிபியை ஒண்ணொண்ணா இறக்கி எது எது போகுதுன்னு பக்கத்துல எழுதுங்க. ப்ளக் பாயிண்டுக்கு ஒரு நைட் லேம்ப் போதும். பீங்கான் ஃபியூஸ் கட்டை மட்டும் இருக்கற வீடுன்னா கட்டையை நீங்க உருவ வேண்டாம், வயர்மேன் வந்ததும் மெயினை இறக்கி ஒவ்வொண்ணா எடுத்துட்டு மறுபடி போட்டுப் பாக்கச் சொல்லுங்க.

இதைச் செஞ்சா சில விஷயம் தன்னால வெளிய வரும். பூஜை ரூம் லைட் கிச்சன் ஃபியூஸ்ல இருக்கும். கீசர் பெட்ரூம் லைட் லைன்ல இருக்கும். எதை இறக்கினாலும் போகாத ஒரு பாயிண்ட் இருக்கும், அதுதான் நீங்க பயப்பட வேண்டியது, மெயினுக்கு நேரா கொடுத்திருக்கலாம், இல்ல அடுத்த மீட்டர்லேர்ந்து வரலாம். பக்கத்துலயே ஒவ்வொரு பாயிண்ட்லயும் என்ன ஓடுது, எத்தனை வாட்ஸ்னு எழுதிக்கோங்க, கீழ உதவும்.

எர்த் பேர்ல நடக்கற ஏமாத்து

பழைய வீட்டு எர்த் பெரும்பாலும் செத்துப் போயிருக்கும். முப்பது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி தோட்டத்துல ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் புதைச்சு அதுலேர்ந்து ஒரு ஜிஐ கம்பி மீட்டர் போர்டுக்கு வந்திருக்கும், மண்ணைத் தொடற இடத்துல அந்தக் கம்பி துருப்பிடிச்சு அறுந்திருக்கும், மேல சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டி கார் நிறுத்திட்டு இருப்போம். வீட்டுக்குள்ள நிறைய போர்டுக்கு எர்த் கம்பியே வந்திருக்காது, மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல உள்ள பெரிய ஓட்டை சும்மா அலங்காரம்.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. எங்க பெரியம்மா வீட்டுல ஃபிரிட்ஜ் ஷாக் அடிக்குதுன்னு ஒருத்தரைக் கூப்பிட்டு "சரி" பண்ணியிருந்தாங்க, ஷாக் நின்னுடுச்சு. பின்னாடி வேற வேலைக்கு அந்த சாக்கெட்டைக் கழட்டினப்போ பாத்தா, நியூட்ரல் ஸ்க்ரூலேர்ந்து எர்த் ஸ்க்ரூக்கு கட்டை விரல் நீளத்துல ஒரு சின்ன கருப்பு வயர். அவ்வளவுதான் அந்த எர்த். நியூட்ரல் ஒழுங்கா இருக்கற வரைக்கும் ஷாக் வராது, ஆனா அந்த நியூட்ரல் எங்கயாவது லூஸ் ஆச்சுன்னா ஃபிரிட்ஜ் மோட்டர் வழியா ஃபேஸ் திரும்பி வந்து அந்த ரெண்டு இன்ச் வயர் வழியா ஃபிரிட்ஜோட மொத்த தகர உடம்புலயும் 230 வோல்ட் ஏறும். ஃபிரிட்ஜ்ல ரிப்பேரே இல்லாம. குழந்தைங்க வெறுங்காலோட வந்து கதவைத் திறக்கற சாமான் அது. இப்படி ஜம்பர் போடறதை யாரும் வேலைன்னு சொல்லக்கூடாது, எந்த வீட்டுல கண்டாலும் அன்னிக்கே பிடுங்கி எறியணும்.

இதைக் கண்டுபிடிக்க பல்பு டெஸ்ட் உதவாதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 100 வாட்ஸ் பல்பு போட்டு "பாருங்க சார் பளிச்சுனு எரியுது, எர்த் சூப்பர்"னு காட்டுவாங்க. ஜம்பர் போட்ட போலி எர்த்துலயும் அதே மாதிரிதான் எரியும், ஏன்னா அது நியூட்ரல்தானே. எர்த் உண்மைலயே கெட்டுப் போயிருந்தா அந்த டெஸ்ட் பண்ற நேரத்துல வீட்டுல எர்த் கொடுத்த எல்லா சாமானோட உடம்புலயும் ஃபேஸ் ஏறும், அதுவும் ஆபத்து. சரியான வழி, மெயினையும் இன்வர்ட்டரையும் ஆஃப் பண்ணி, வீட்டுக்குள்ள போற நியூட்ரலை மெயின்ல கழட்டிட்டு, அந்த நியூட்ரலுக்கும் எர்த் கம்பிக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைக்கறது. பீப் சத்தம் வரக்கூடாது. வந்தா எங்கயோ ரெண்டும் சேர்ந்திருக்கு. ஆனா போலி எர்த் உள்ள சாக்கெட்டுக்கு எர்த் கம்பியே வந்திருக்காது, அப்போ மெயின்ல வச்சுப் பாத்தா அது தெரியாது, அதனால ஒவ்வொரு மூணு ஓட்டை சாக்கெட்டையும் கழட்டி கண்ணால பாக்கறதுக்கு ஈடு எதுவும் இல்ல. எர்த் குழியோட தரத்தை எர்த் டெஸ்டர் மீட்டர் வச்சு ஓம் கணக்குல அளந்து சொல்லணும்.

புது எர்த் போட்டா 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப், குறைஞ்சது 2.5 மீட்டர் ஆழம், சுவத்துலேர்ந்து 1.5 மீட்டராவது தள்ளி, சுத்தி கரியும் உப்பும், மேல தண்ணி ஊத்த ஒரு வாய், மூடி போட்ட சின்ன தொட்டி. மூடி திறக்கற மாதிரி இருக்கணும், அது முக்கியம், பத்து வருஷம் கழிச்சு கம்பி இருக்கா அறுந்துச்சான்னு பாக்கணுமே. அங்கேர்ந்து வீட்டுக்குள்ள ஒவ்வொரு ப்ளக் பாயிண்டுக்கும் பச்சை வயர் தனியா போகணும். தண்ணிக் குழாயை எர்த்தா பயன்படுத்தறதை விட்டுடுங்க, நடுவுல ஒரு துண்டு பிவிசி பைப் மாத்தினதுமே அது எர்த் இல்ல, அதுக்கப்புறம் குழாயே ஷாக் அடிக்கும்.

ஆர்சிசிபி, இதை மட்டுமாவது செய்யுங்க

எர்த் இருக்கு, எம்சிபி இருக்கு, அப்புறம் எதுக்கு இதுன்னு கேப்பாங்க. ஒரு சின்ன கணக்கு. உங்க எர்த் குழி 20 ஓம்னு வச்சுக்கோங்க, வெயில் காலத்துல அதைவிட ஜாஸ்தியே இருக்கும். கிரைண்டர் உடம்புல ஃபேஸ் பட்டா எர்த் வழியா போறது 230 வகுத்தல் 20, பதினொன்னரை ஆம்ப். 16 ஆம்ப் எம்சிபி அசையாது. கிரைண்டர் உடம்பு கரண்டோடயே நிக்கும், கரண்ட் பில் ஏறும், யாராவது தொடற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஆர்சிசிபி பாக்கறது வேற, போற கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருக்கான்னு. 30 மில்லி ஆம்ப் வித்தியாசம் வந்தாலே ஒரு நொடில சின்ன பங்குல வெட்டிடும். எர்த்தே இல்லாத வீட்டுலயும், ஆள் ஃபேஸைத் தொட்ட உடனே அது விழும். ஒரு சுர் இழுக்கும், உயிர் இருக்கும். அதனாலதான் பழைய வீட்டுக்கு முதல் செலவு இதுதான்னு சொல்றேன், மின்வாரியமும் இதைத்தான் வைக்கச் சொல்லுது. சிங்கிள் ஃபேஸுக்கு ரெண்டு போல், மூணு ஃபேஸுக்கு நாலு போல், 30 மில்லி ஆம்ப், உங்க மெயின் எம்சிபியை விடக் குறையாத ஆம்பியர். 100 மில்லி, 300 மில்லின்னு விக்கறதும் இருக்கு, அது ஆளைக் காப்பாத்தற அளவு இல்ல, வாங்கும்போது எழுத்தைப் படிச்சு வாங்குங்க. ஆர்சிசிபி ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழாது, அதுக்கு எம்சிபி தனியா வேணும். அதே மாதிரி ஒரு கைல ஃபேஸ் ஒரு கைல நியூட்ரல்னு ரெண்டையும் சேர்த்துத் தொட்டாலும் அதுக்குத் தெரியாது.

இப்போ நடக்கப் போறதைச் சொல்றேன். பழைய வீட்டுல ஆர்சிசிபி மாட்டின அன்னிக்கே அது நிக்காது, விழுந்துட்டே இருக்கும். வந்தவர் "உங்க வீட்டுக்கு இது செட் ஆகாது சார், எடுத்துடறேன்"னு சொல்வார், இல்லைன்னா சத்தமில்லாம பைபாஸ் பண்ணிட்டுப் போவார். விடாதீங்க. அது விழறதுன்னா அது கெட்டதுன்னு அர்த்தம் இல்ல, உங்க வயரிங்ல இருக்கற கோளாறை அது கண்டுபிடிச்சிருக்கு. பழைய வீட்டுல காரணம் அநேகமா இதுல ஒண்ணா இருக்கும்: எங்கயோ நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கு, ஒரு பாயிண்ட் ஃபேஸை ஆர்சிசிபிக்கு அப்புறமும் நியூட்ரலை அதுக்கு முன்னாடியோ மாடி மீட்டர்லேர்ந்தோ எடுக்குது, ஈரச் சுவத்துல வயர் கசியுது, இல்ல ஏதோ ஒரு சாமான், பெரும்பாலும் கீசர் காயிலோ பழைய கிரைண்டரோ, கெட்டிருக்கு. முதல்ல எல்லா ப்ளக்கையும் உருவிட்டுப் போட்டுப் பாருங்க, நின்னுதுன்னா ஒவ்வொண்ணா சொருகிக்கிட்டே வாங்க, எதுல விழுதோ அதுதான். ப்ளக் எல்லாம் உருவியும் விழுந்தா வயரிங்லதான், அப்போ டிபில (எம்சிபி எல்லாம் இருக்கற பெட்டி) நியூட்ரலை சர்க்யூட் வாரியா பிரிச்சு ஒவ்வொண்ணையும் 500 வோல்ட் மெக்கர் (வயரோட இன்சுலேஷன் கசியுதான்னு அளக்கற மீட்டர்) போட்டுப் பாக்கணும், ஒரு மெகா ஓமுக்குக் கீழ வர்ற லைனை விடக்கூடாது. மெக்கர் போடறதுக்கு முன்னாடி பல்பு, டிவி, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாத்தையும் கழட்டிடணும், இல்லைன்னா அதுங்க போயிடும். இன்வர்ட்டர் லைன் நியூட்ரல் மத்த நியூட்ரலோட கலந்திருந்தா கரண்ட் போய் வரும்போதெல்லாம் விழும், அதையும் பிரிக்கணும். ஒரு முழு நாள் வேலை இது, கூலியைக் கூட கொடுத்தாவது செய்ய வையுங்க, இந்த ஒரு நாள்ல வீட்டோட பாதி ரகசியம் வெளிய வந்துடும்.

மாட்டின அப்புறம் மாசம் ஒரு தடவை அதுல உள்ள டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, டப்புன்னு விழணும். விழலைன்னா மாத்திடணும்.

கம்பி, ஃபியூஸ், அலுமினியம்

பீங்கான் கட்டைல 5 ஆம்ப் ஃபியூஸுக்கு வேண்டிய கம்பி 0.2 மில்லிமீட்டர், தலைமுடியை விட ரெண்டு மூணு மடங்குதான் தடிமன். 15 ஆம்புக்கே அரை மில்லிமீட்டர்தான். ஆனா பழைய கட்டையை உருவிப் பாத்தா வயர்லேர்ந்து உருவின கம்பியை நாலஞ்சு இழை முறுக்கிப் போட்டிருப்பாங்க, "அடிக்கடி போகுது"ங்கறதால. அப்போ ஃபியூஸ் போகாது, சுவத்துக்குள்ள வயர் போகும். கட்டையை எல்லாம் எடுத்துட்டு எம்சிபி டிபி வையுங்க, ஆனா அதுலயும் இதே தப்பு நடக்கும், 10 ஆம்ப் விழுதுன்னு 32 மாட்டிட்டுப் போவாங்க. எம்சிபி காப்பாத்தறது வயரை, சாமானை இல்ல. அதனால வயரோட தடிமனைப் பாத்துத்தான் எம்சிபி. லைட் ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், 6 அல்லது 10 ஆம்ப். கீசர், இண்டக்‌ஷன், ஃபிரிட்ஜ் மாதிரி பவர் பாயிண்டுக்கு 2.5, 16 ஆம்ப். ஏசிக்கு 4, 20 ஆம்ப். கடைல இன்னும் மூணு இருபத்திரண்டு, ஏழு இருபதுன்னு கேக்கற பெரியவங்க உண்டு, 3/22ன்னா 22 கேஜ் கம்பி மூணு முறுக்கினது, ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, 7/20ன்னா நாலுக்கு மேல. உங்க வீட்டுல பவர் பாயிண்டுக்கு 3/22 போயிருந்தா அது லைட்டுக்குப் போட்ட வயர்னு புரிஞ்சுக்கோங்க.

நீங்க எழுதின மேப்பை இங்க எடுங்க. வாட்ஸை 230-ஆல வகுத்தா ஆம்ப். 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 8.7, 1500 வாட்ஸ் கெட்டில் 6.5, 750 வாட்ஸ் மிக்ஸி 3.3. மூணும் ஒரே கிச்சன் போர்டுல, ஒரே பழைய வயர்ல, சேர்ந்து ஓடினா பதினெட்டரை ஆம்ப். அதனால கிச்சனுக்கு ரெண்டு தனி லைன், கீசருக்கு ஒண்ணு, ஏசி ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு, மோட்டருக்கு ஒண்ணு, டிபிலேர்ந்து நேரா புதுசா இழுக்கச் சொல்லுங்க. சுவத்தை வெட்ட மனசு இல்லைன்னா கேசிங் கேப்பிங்ல, அதாவது சுவர் மேல அடிக்கற மூடி போட்ட பட்டைக்குள்ள, மேலாலயே கொண்டு போகலாம், ஒண்ணும் அசிங்கம் இல்ல, மெட்ராஸ் டெரஸ் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரையும் காரைக்குடி பக்கத்துப் பழைய பூச்சையும் வெட்டறதுக்கு இது எவ்வளவோ மேல். லோடு கூடுதுன்னா ஈபில கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுத்துடுங்க.

பழைய வயர்ல ரெண்டு ரகத்தை மட்டும் பொறுத்துக்கவே கூடாது. ஒண்ணு துணி சுத்தின ரப்பர் வயர். பாக்க நல்லா இருக்கும், போர்டைத் திறந்து லேசா வளைச்சீங்கன்னா ரப்பர் பொடிப்பொடியா கொட்டும், உள்ள வெறும் கம்பி. அதைத் தொட்டு சரி பண்ண முடியாது, முழுசா மாத்தறது ஒண்ணுதான். ஓட்டு வீட்டுல மர உத்திரத்து மேல இந்த வயர் ஓடுதுன்னா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு இதை முதல்ல எடுங்க, எலி வேற கடிச்சிருக்கும். இன்னொண்ணு அலுமினியம் வயர், அந்தக் காலத்துல காப்பரை விட மலிவுன்னு நிறைய வீட்டுல போட்டது. வயர் நடுவுல நல்லாத்தான் இருக்கும், முனைலதான் கோளாறு. அலுமினியம் சூட்டுல ஜாஸ்தி விரியும், ஸ்க்ரூ அழுத்தத்துல நசுங்கி லூஸ் ஆகும், மேல ஆக்சைடு படிஞ்சு கான்டாக்ட் கெடும். அதோட காப்பரை முறுக்கி டேப் சுத்தினா ஈரத்துல அரிச்சு வெள்ளைப் பொடி பூக்கும், அங்கதான் கருகும். உடனே மாத்த முடியலைன்னா அதுல கீசர், அயர்ன் பாக்ஸ் எதுவும் போடாம லைட் ஃபேனோட நிறுத்திக்கோங்க, ரெண்டு உலோகத்துக்கும் ஏத்த கனெக்டர் மட்டும் போடச் சொல்லுங்க.

ஜாயின்டே இல்லாத பழைய வீடு கிடையாது. விதி ஒண்ணுதான், ஜாயின்ட் எதுவும் பைப்புக்குள்ளயோ பூச்சுக்குள்ளயோ இருக்கக்கூடாது, திறந்து பாக்கற மாதிரி பெட்டிக்குள்ள, கனெக்டர்ல இருக்கணும். டேப் பத்து வருஷத்துல பசை காஞ்சு தானா பிரியும். பழைய லைனை விட்டுட்டு புது லைன் போட்டா பழசோட ரெண்டு முனையையும் வெட்டி உருவிடுங்க, "கிடக்கட்டும்"னு விட்டா நாளைக்கு வர்ற ஒருத்தர் அதுல கரண்ட் கொடுத்துடுவார். கருப்பு வயர்னா நியூட்ரல்னும் நம்பாதீங்க, பழைய வீட்டுல சுவிட்ச்லேர்ந்து பல்புக்குப் போற ஃபேஸே கருப்புல இருக்கும்.

ஆளைப் பிடிக்கறது

லைசன்ஸ் இருக்கான்னு கேக்கறதுல கூச்சம் வேண்டாம், சென்னை கிண்டில இருக்கற மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுக்கறது, வச்சிருக்கறவர் காட்டுவார். அதைவிட நல்ல கேள்வி "மெக்கர் இருக்கா, எர்த் டெஸ்டர் இருக்கா". வெறும் டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் வச்சிருக்கறவர் ஃபேன் மாட்டலாம், பழைய வீட்டு வயரிங்கைப் பாக்க முடியாது. வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு லைனோட மெக்கர் ரீடிங், எர்த் எத்தனை ஓம், எந்த எம்சிபி எதுக்குன்னு கையால எழுதி வாங்கி, நீங்க வரைஞ்ச மேப்போட ஒரு ஜெராக்ஸ் எடுத்து டிபி கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. பாத்ரூமுக்குள்ள சுவிட்சோ ப்ளக்கோ இருந்தா வெளிய மாத்தச் சொல்லுங்க, மழைக்கு ஊறற சுவத்துல போர்டு இருந்தா பக்கத்துச் சுவத்துக்கு நகர்த்துங்க, அந்த ஊறலை நிறுத்தாம எத்தனை தடவை போர்டு மாத்தினாலும் பச்சை பூத்துடும்.

போர்டுல தீ வந்தா மெயின், இன்வர்ட்டர் ரெண்டையும் ஆஃப், தண்ணி ஊத்தவே கூடாது, காஞ்ச மணல் போடலாம். யாராவது கரண்ட்ல ஒட்டிக்கிட்டா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, மெயினை இறக்குங்க, முடியலைன்னா காஞ்ச கட்டையால தள்ளிவிட்டுட்டு 108-க்குக் கூப்பிடுங்க. வீட்டுல எல்லாருக்கும், வேலைக்கு வர்ற அக்காவுக்கும் சேர்த்து, மெயின் எங்க இருக்குன்னு காட்டி வையுங்க, அது முன்னாடி பழைய பேப்பர் மூட்டை இருக்கக்கூடாது.

வாடகைக்கு இருக்கறவங்க என்ன பண்றதுன்னு கேட்டா, கருகின பாயிண்டோட போட்டோ, ஷாக் அடிக்கற குழாய் பத்தின விவரம் எல்லாத்தையும் ஹவுஸ் ஓனருக்கு வாட்ஸ்அப்ல எழுத்தா அனுப்புங்க, வாய்ல சொன்னா மறந்துடுவாங்க. ரீவயரிங் பண்ணுங்கன்னு கேட்டா மூஞ்சி மாறும், ஆர்சிசிபி ஒண்ணு வைக்கறேன், சாமான் செலவு நான், கூலி நீங்கன்னு கேட்டா நிறைய பேர் ஒத்துக்கறாங்க. ஒத்துக்கலைன்னா நாலு இடத்துலேர்ந்து ஓட்டற எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நிறுத்துங்க, கீசரையும் அயர்ன் பாக்ஸையும் பெரிய பின் உள்ள 16 ஆம்ப் பாயிண்ட்ல மட்டும் போடுங்க, குளிக்கப் போறதுக்கு முன்னாடி கீசர் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ப்ளக்கையும் உருவிட்டு அப்புறம் தண்ணியைத் திறங்க.